உருவகப் பேரடைகளில் விண்மீன்களும் வாயுவும்: இயக்கத்தை எந்த அளவு நம்பலாம்?

ஒரு விண்மீன் பேரடைக்குள் விண்மீன்களும் வாயுவும் ஒரே ஈர்ப்புப் புலத்துக்கு உட்பட்டே நகர்கின்றன. ஆனாலும் அவை ஒரே விதமாக நகர்வதில்லை. வாயு மேகங்கள் ஒன்றோடொன்று மோதும். மோதியபின் ஆற்றலை ஒளியாக வெளியேற்றிவிட்டுக் குளிரும். மெல்லிய தட்டாகப் படிந்து சீராகச் சுழலும். விண்மீன்களோ தங்களுக்குள் மோதுவதே இல்லை எனலாம். ஒரு விண்மீனின் பாதை ஒருமுறை கலைக்கப்பட்டால் அது தானாக ஒழுங்குக்குத் திரும்புவதில்லை. எனவே வாயுவின் இயக்கம் பேரடையின் இன்றைய நிலையைக் காட்டுகிறது. விண்மீன்களின் இயக்கம் அதன் பழைய வரலாற்றைச் சுமந்திருக்கிறது. என்ஜிசி 4550 என்ற பேரடையில் விண்மீன்களின் ஒரு தட்டு ஒரு திசையிலும் மற்றொரு தட்டு அதற்கு எதிர்த்திசையிலும் சுழல்வதை வேரா ரூபினும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் அறிவித்தனர். பின்னாளில் வந்து சேர்ந்த வாயு எதிர்த்திசையில் சுழன்று விண்மீன்களாக மாறியிருந்தால் இப்படி ஆகும். வாயு எப்போதோ தீர்ந்துவிட்டாலும் தடயம் விண்மீன்களில் நிற்கிறது.

இந்த இயக்கங்களைக் கணினியில் மீண்டும் உருவாக்கிப் பார்க்கும் முயற்சி கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. ஈகிள், இல்லஸ்டிரிஸ் டிஎன்ஜி, ஃபயர், ஆரிகா ஆகியவை இத்துறையில் அடிக்கடி கேட்கும் பெயர்கள். இவை வெளியிடும் படங்கள் உண்மையான தொலைநோக்கிப் படங்களோடு கலந்து வைத்தால் பிரித்தறிய முடியாத அளவுக்கு வந்துவிட்டன. தோற்றம் ஒத்துப்போகிறது என்பதாலேயே உள்ளே நடக்கும் ஓட்டமும் உண்மை என்று கொள்ளும் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு எங்கே ஆதாரம் உண்டு, எங்கே இல்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

விளக்குகளிலிருந்து துகள்களுக்கு

முதல் உருவகத்தில் கணினியே இல்லை. சுவீடனைச் சேர்ந்த எரிக் ஹோம்பெர்க் 1941இல் 74 மின்விளக்குகளை மேசைமேல் பரப்பி, இரண்டு பேரடைகள் நெருங்கிக் கடப்பதை ஆராய்ந்தார். ஒளியின் செறிவும் ஈர்ப்பைப் போலவே தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு விளக்கிருக்கும் இடத்திலும் ஒளிக்கலத்தால் ஒளியை அளந்தால் அங்குள்ள ஈர்ப்பு விசை கிடைத்துவிடும். அளந்து, விளக்குகளைச் சிறிது நகர்த்தி, மீண்டும் அளந்தார். இன்றைய பெருங்கணினி செய்வதும் சாரத்தில் இதுவே.

அடுத்த ஆண்டுகளில் இத்துறையின் கோட்பாட்டு அடித்தளத்தை இட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவருடைய விண்மீன் இயக்கவியல் நூல் 1942இல் வெளிவந்தது. இயக்கவியல் உராய்வு பற்றிய கட்டுரை 1943இல் வந்தது. கனமான ஒரு பொருள் சிறு பொருள்களின் கூட்டத்துக்குள் செல்லும்போது, அதன் ஈர்ப்பால் பின்னால் திரளும் பொருள்கள் அதைப் பின்னிழுக்கும் என்பது அக்கட்டுரையின் செய்தி. பல சிறு சந்திப்புகள் சேர்ந்து ஒரு விண்மீனின் வேகத்தை எவ்வளவு காலத்தில் மாற்றும் என்பதையும் அவர் கணக்கிட்டார். சந்திரசேகர் என்றால் வெண்குறுமீனின் நிறை வரம்பு மட்டுமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உருவகப் பேரடைகளின் நோயை அறிய உதவும் கருவி அவருடைய இந்த மற்றொரு பணியில்தான் இருக்கிறது.

1973இல் ஜெரமியா ஆஸ்ட்ரைக்கரும் ஜிம் பீபிள்ஸும் சில நூறு துகள்களை மட்டும் வைத்து ஒரு தட்டுப் பேரடையைச் சுழலவிட்டனர். குளிர்ந்த மெல்லிய தட்டு தனியே நிலைக்கவில்லை. விரைவில் நீண்ட பட்டையாகச் சிதைந்தது. தட்டைத் தாங்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய உறை வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். இன்றைய அளவுகோலில் மிகச் சிறிய அந்த உருவகம் கரும்பொருள் பற்றிய விவாதத்தையே திருப்பிவிட்டது. துகள் எண்ணிக்கை மட்டும் ஓர் உருவகத்தின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துச் சில நூறும் போதும். சில கோடியும் போதாமல் போகும்.

1990களின் தொடக்கத்தில் வாயுவையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நிலைமை மோசமாயிற்று. வாயு மிக முன்கூட்டியே குளிர்ந்து கட்டிகளாகத் திரண்டது. அக்கட்டிகள் இயக்கவியல் உராய்வால் தங்கள் கோண உந்தத்தைக் கரும்பொருள் உறைக்கு இழந்து மையத்தில் விழுந்தன. கிடைத்த பேரடைகள் உண்மையானவற்றைவிட மிகச் சிறியவை. விண்மீன் வெடிப்புகளும் கருந்துளைகளும் வாயுவைச் சூடாக்கி வெளித்தள்ளும் விளைவைப் போதிய வலுவுடன் சேர்த்தபின்பே இச்சிக்கல் தீர்ந்தது. தீர்ந்தது என்பதைவிட, ஒரு சிக்கலைத் தீர்க்க ஒரு திருகு கிடைத்தது என்பதே பொருத்தம்.

தெரிந்த விடையும் தெரியாத விடையும்

அந்தத் திருகைப் பற்றித் தெளிவாக இருப்பது நல்லது. ஒரு சூப்பர்நோவா வெடிப்பு சில ஒளியாண்டு அளவில் தொடங்கும் நிகழ்வு. 2015இல் வெளியான ஈகிள் உருவகமோ ஏறத்தாழ 32.6 கோடி ஒளியாண்டு பக்கமுள்ள ஒரு கனசதுரத்தைக் கணக்கிடுகிறது. அதில் ஒரு வாயுத் துகளின் நிறை சுமார் 18 லட்சம் சூரியன்கள். ஒற்றை வெடிப்பை அதில் காண வழியில்லை. ஆகவே வெடிப்பின் ஆற்றல் வாயுவை எவ்வளவு பாதிக்கும் என்பதைச் சில எண்களாக எழுதி, உருவகப் பேரடைகளின் நிறைப் பரவலும் அளவும் வானில் காண்பவற்றோடு ஒத்துவரும்வரை அவ்வெண்களைச் சரிசெய்தார்கள். இதை ஈகிள் குழுவினர் மறைக்கவில்லை. தங்கள் முதன்மைக் கட்டுரையிலேயே விரிவாகச் சொன்னார்கள். டிஎன்ஜி குழுவும் தன் சரிக்கட்டலை வெளிப்படையாகவே வைத்தது.

இயக்கங்களை இவ்வாறு யாரும் நேரடியாகச் சரிக்கட்டவில்லை. ஆகவே இயக்கம் ஒத்துவந்தால் அது உருவகத்தின் உண்மையான தேர்ச்சி என்ற வாதம் பல கட்டுரைகளில் வருகிறது. இவ்வாதத்தில் பாதிதான் செல்லும். பேரடையின் இயக்கத்தை இரண்டு எண்களால் சுருக்குவது வழக்கம். ஒன்று சுழற்சி வேகம். மற்றொன்று வேகச் சிதறல், அதாவது சராசரி ஓட்டத்திலிருந்து தனித்தனி விண்மீன்களும் மேகங்களும் எவ்வளவு விலகி அலைகின்றன என்பது. சூரியன் பால் வழியின் மையத்தை நொடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அதன் அக்கம்பக்கத்திலுள்ள வயதான விண்மீன்கள் தட்டுக்குச் செங்குத்தாக அலையும் வேகம் நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அணுநிலை ஐதரசன் வாயுவின் சிதறல் 10 கிலோமீட்டருக்கு அருகே.

சுழற்சி வேகத்தின் இருமடி, உள்ளடங்கிய நிறையை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். நிறையையும் ஆரத்தையும் சரிக்கட்டிவிட்ட பிறகு, கரும்பொருள் உறையையும் கோட்பாட்டிலிருந்து பெற்றுவிட்ட பிறகு, சுழற்சி வேகம் சரியாக வருவதில் பெரிய வியப்பு ஏதும் இல்லை. ஒளிர்வுக்கும் சுழற்சி வேகத்துக்கும் இடையிலான டல்லி–ஃபிஷர் உறவை உருவகம் மீட்டுத் தருகிறது என்று சொல்லும்போது, வினாத்தாளில் பாதி முன்கூட்டியே கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. வேகச் சிதறல் அப்படியல்ல. அது கொந்தளிப்பு, மோதல், வெடிப்பு, பழைய சேர்க்கைகள் அனைத்தையும் பொறுத்தது; நிறையும் ஆரமும் தெரிந்தால் அதை ஊகித்துவிட முடியாது. எனவே கடினமான தேர்வு அதுதான். துரதிருஷ்டவசமாக, கணக்கிடும் முறையின் குறைகள் முதலில் தாக்கும் இடமும் அதுவே.

செயற்கைச் சூடு

பால் வழியில் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. இவ்வளவு எண்ணிக்கை இருக்கும்போது தனித்தனிச் சந்திப்புகளால் ஒரு விண்மீனின் பாதை மாற ஆகும் காலம், பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். இது சந்திரசேகர் காட்டிய கணக்கு. உருவகத்திலோ கரும்பொருள் என்பது மென்மையான புகைமூட்டம் அல்ல. கனத்த குண்டுகளின் திரள். ஈகிளில் ஒவ்வொரு கரும்பொருள் துகளும் 97 லட்சம் சூரிய நிறை கொண்டது. இத்தகைய குண்டு ஒன்று விண்மீன் தட்டைக் கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள விண்மீன் துகள்களை உதைத்துவிட்டுப் போகிறது. இயற்கையில் இந்த உதை இல்லை. ஆண்டுகள் கோடிக்கணக்கில் செல்லச் செல்ல உதைகள் சேர்கின்றன, தட்டு தடிக்கிறது, சிதறல் ஏறுகிறது, சுழற்சி தளர்கிறது. இதைச் செயற்கைச் சூடேற்றம் எனலாம். இதன் வீதம் கரும்பொருள் துகளின் நிறைக்கு நேர்விகிதத்தில் கூடும். நெருங்கிய சந்திப்புகளில் ஈர்ப்பு விசையை மழுக்கிவிடும் வழக்கமான உத்தி இங்கே பெரிதாக உதவாது. தொலைதூரச் சந்திப்புகளும் சேர்ந்தே இந்தச் சூட்டைத் தருகின்றன.

ஏரன் லட்லோவும் அவருடைய குழுவினரும் 2021இல் இதை முறையாக அளந்து வெளியிட்டனர். ஒரு கரும்பொருள் உறையில் ஏறத்தாழ 10 லட்சம் துகள்களுக்குக் குறைவாக இருந்தால், அதற்குள் இருக்கும் விண்மீன் தட்டின் தடிமனையும் சிதறலையும் அப்படியே நம்ப இயலாது என்பது அவர்கள் கண்ட முடிவு. பால் வழி போன்ற பேரடையின் உறை சுமார் ஒரு லட்சம் கோடி சூரிய நிறை கொண்டது. ஈகிளில் இதற்குக் கிடைப்பது ஒரு லட்சம் துகள்களே. தேவையில் பத்தில் ஒரு பங்கு. 2019இல் வெளிவந்த டிஎன்ஜி-50 உருவகத்தில் கரும்பொருள் துகளின் நிறை சுமார் 4.5 லட்சம் சூரியன்கள். ஆகவே அதே உறைக்கு 20 லட்சத்துக்கு மேல் துகள்கள் உண்டு, தேர்ச்சி பெறுகிறது. ஆனால் அதே டிஎன்ஜி-50இல் பத்து மடங்கு சிறிய உறைக்குள் இருக்கும் பேரடையை எடுத்தால் மறுபடியும் வரம்புக்குக் கீழே போய்விடுகிறது. எந்த உருவகம் நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை; எந்த நிறையுள்ள பேரடைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

வாயுவுக்கு இந்தத் தொல்லை குறைவு. உதையால் கிடைத்த ஆற்றலை அது கதிர்வீச்சாக வெளியேற்றிவிடும். ஆகவே ஒரே உருவகப் பேரடையில் வாயு ஒழுங்காகச் சுழல, விண்மீன்கள் மட்டும் அளவுக்கு மீறிக் கலைந்திருக்கக் கூடும். இரண்டுக்கும் இடையிலான இந்த வேறுபாடு உண்மையான வரலாற்றால் வந்ததா, குண்டுகளின் உதையால் வந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டிஎன்ஜி-50 குழுவின் முதற்கட்டுரைகளில் ஒன்று, வாயுத் தட்டுகளும் விண்மீன் தட்டுகளும் காலப்போக்கில் எப்படி மாறின என்பதை ஒப்பிட்டது. வாயுவின் சிதறல் காலம் செல்லச் செல்லக் குறைந்து தட்டு அமைதியடைகிறது. விண்மீன்கள் வாயுவைவிடக் கலைந்தே இருக்கின்றன. போக்கு நம்பத்தக்கது, தொலைதூரப் பேரடைகளில் அளக்கப்பட்ட வாயுச் சிதறலும் இதே திசையில்தான் மாறுகிறது. சிறு பேரடைகளில் விண்மீன் சிதறலின் எண் மதிப்பை மட்டும் மேற்கோளாக எடுக்கும்போது கவனம் வேண்டும்.

வாயுவுக்கு வேறொரு நோய் உண்டு. ஈகிளிலும் டிஎன்ஜியிலும் அடர்ந்த வாயு இயல்பாகக் குளிர விடப்படுவதில்லை. பிரிதிறன் போதாததால், அது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போகாதபடி ஒரு விதியைப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் விண்மீன்கள் பிறக்கும் மூலக்கூறு மேகங்களின் வெப்பநிலை தனி வெப்பநிலை அலகில் 10 முதல் 20 வரை. உருவகத்தில் அந்த வாயுவுக்கு எழுதப்பட்டிருக்கும் வெப்பநிலை பல ஆயிரம். எனவே ஈகிளின் வாயுத் தட்டு மூவாயிரம் ஒளியாண்டுக்குக் கீழ் மெலிய வழியே இல்லை. பால் வழியின் மெல்லிய தட்டின் அளவுகோல் உயரம் சுமார் ஆயிரம் ஒளியாண்டு என்பதோடு இதை ஒப்பிடலாம். தரவுத்தளத்தில் இருக்கும் வெப்பநிலையை அப்படியே எடுத்துச் சிதறலோடு கூட்டும் மாணவர், இயற்பியலை அல்ல, அந்த விதியைத்தான் அளந்துகொண்டிருப்பார்.

பட்டைகளின் வேகம்

பட்டைச் சுருள் பேரடைகளில் நடுவே உள்ள விண்மீன் பட்டை ஒரே உருவாகச் சுழல்கிறது. அது கரும்பொருள் உறைக்குள் சுழல்வதால் இயக்கவியல் உராய்வு அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். விக்டர் டெபட்டிஸ்டாவும் ஜெரி செல்வுட்டும் 1990களின் இறுதியில் இதைக் காட்டினர். வானில் அளக்கப்பட்ட பட்டைகளோ பெரும்பாலும் தளராத வேகத்தில் சுழல்கின்றன. ஈகிளிலும் டிஎன்ஜியிலும் பட்டைகள் மெதுவாகத் தெரிந்தன. இது கரும்பொருள் கோட்பாட்டுக்கே அடி என்று 2021இல் ஒரு குழு வாதிட்டது. அதே ஆண்டு ஆரிகா உருவகங்களை ஆராய்ந்த ஃபிரான்செஸ்கா ஃபிராகூடியின் குழு, அங்கே பட்டைகள் வேகமாகவே இருப்பதைக் காட்டியது. அப்பேரடைகளின் உட்பகுதியில் கரும்பொருளைவிட விண்மீன்களின் ஆதிக்கம் கூடுதல் என்பது காரணம். 2022இல் நெகே ஃபிராங்கெலும் உடனாய்வாளர்களும் டிஎன்ஜி-50 பட்டைகளை உண்மை அளவீடுகளோடு வைத்து மற்றொரு விளக்கம் தந்தனர்: அவை மெதுவாகச் சுழலவில்லை, நீளத்தில்தான் குறைந்திருக்கின்றன. பட்டையின் வேகத்தை அதன் நீளத்தோடு ஒப்பிட்டே வரையறுப்பதால், குட்டையான பட்டை மெதுவான பட்டையாகக் கணக்கில் வந்துவிட்டது.

ஒரு விகிதத்தின் கீழ் எண்ணைச் சரிபார்க்காமல் ஒரு கோட்பாட்டை வீழ்த்திவிடலாம் என்று கிளம்பியது அவசரம். பட்டைகள் ஏன் குட்டையாகின்றன என்பதும் சிறிய கேள்வி அல்ல. ஆனால் அது பிரிதிறனையும் வாயு விதிகளையும் பற்றிய கேள்வி, கரும்பொருள் உண்டா இல்லையா என்பது அல்ல.

பிழை எந்தப் பக்கம்?

உருவகத்தை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் நியாயமல்ல. 2015இல் கைல் ஓமனும் குழுவினரும் குறும்பேரடைகளின் சுழற்சி வளைவுகளை எடுத்து, மையத்திலிருந்து 2 கிலோபார்செக் தொலைவில், அதாவது சுமார் 6500 ஒளியாண்டில், வாயு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்த்தனர். உருவகங்களில் உச்ச வேகம் தெரிந்தால் இந்த உள்வேகத்தையும் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். வானிலோ ஒரே உச்ச வேகமுள்ள பேரடைகளின் உள்வேகங்கள் பெரிதும் வேறுபட்டன. ஐசி 2574 என்ற குறும்பேரடையில் அது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. உருவகத்தின் தோல்வி என்றே பலரும் இதைப் படித்தனர்.

ஓமன் அங்கே நிற்கவில்லை. உருவகப் பேரடைகளை வானொலித் தொலைநோக்கி பார்ப்பதுபோலப் போலித் தரவாக மாற்றி, வானியலாளர்கள் பயன்படுத்தும் அதே சாய்வளைய முறையால் 2019இல் அளந்தார். ஒரே பேரடையை வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்த்தபோது வெவ்வேறு சுழற்சி வளைவுகள் கிடைத்தன. வாயு சரியான வட்டங்களில் ஓடாமல் சற்றே நீள்வட்டமாக ஓடுவதும், அளக்கும் முறை வட்டத்தையே எடுத்துக்கொள்வதும் இதற்குக் காரணம். வானில் காணும் வேறுபாட்டில் ஒரு பங்கு அளவீட்டின் பங்களிப்பாக இருக்கலாம். உருவகம் தரும் மிகப் பெரிய பயன் இதுதான் எனலாம்: உண்மை விடை கையில் இருக்கும்போதே அளவுகோலைச் சோதிக்க முடிகிறது. அதே சமயம் இதைச் சாக்காக வைத்து எல்லா முரண்களையும் அளவீட்டின் தலையில் கட்டிவிடக் கூடாது. விண்மீன்கள் எந்த அடர்த்தியில் பிறக்கத் தொடங்கும் என்ற ஒற்றை எண்ணை மாற்றினாலே குறும்பேரடையின் மையத்தில் கரும்பொருள் குவிந்திருக்குமா விலகியிருக்குமா என்பது மாறிவிடுகிறது என்று அலெஹாந்திரோ பெனிடெஸ்-யாம்பேயின் குழு அதே 2019இல் காட்டியது.

ஒளி எந்த வாயுவிலிருந்து வருகிறது என்பதும் சிறிய விவரம் அல்ல. பெருவெடிப்புக்கு 140 கோடி ஆண்டுகளுக்குப் பின் இருந்த எஸ்பிடி 0418-47 என்ற பேரடையை சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கியால் ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் சுழற்சி வேகம் சிதறலைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. கொந்தளிப்பான இளம் பேரடைகளை எதிர்பார்த்த உருவகங்களுக்கு இது முரண் என்று அப்போது கருதப்பட்டது. அந்த அளவீடு அயனியான கரியின் ஒளியைக் கொண்டது. அது பெரும்பாலும் குளிர்ந்த வாயுவிலிருந்து வருவது. பழைய ஒப்பீடுகள் பலவும் சூடான வாயு உமிழும் ஐதரசன்-ஆல்ஃபா ஒளியைச் சார்ந்தவை. செர்ரா உருவகக் குழு 2024இல் ஒரே பேரடைகளை இரண்டு ஒளியிலும் அளந்தபோது, கரியில் அமைதியாகத் தெரிந்த தட்டு ஐதரசனில் கலைந்ததாகத் தெரிந்தது. இரண்டும் பொய்யல்ல, ஒரே வீட்டின் இரண்டு மாடிகள்.

தரவைக் கையாளுவோருக்கு

ஈகிளின் தரவு 2016 முதலும் டிஎன்ஜியின் தரவு பின்னர் படிப்படியாகவும் பொதுவில் கிடைக்கின்றன. பதிவு செய்துகொண்டு எந்தக் கல்லூரி மாணவரும் ஒரு பேரடையின் ஒவ்வொரு துகளின் நிலையையும் திசைவேகத்தையும் இறக்கிக்கொள்ளலாம். தொலைநோக்கி இல்லாத இடத்திலும் ஆய்வு செய்ய வழி திறந்திருக்கிறது என்பது பெரிய வாய்ப்பு. ஆனால் தரவுத்தளத்தில் சிதறல் என்ற எண் எல்லாப் பேரடைக்கும் ஒரே தசமத் துல்லியத்துடன் அச்சாகியிருக்கும். எது உறுதியானது, எது செயற்கைச் சூட்டால் ஏறியது என்ற அடையாளம் அதன் அருகில் இராது. உறையிலுள்ள கரும்பொருள் துகள்களை எண்ணிப் பார்ப்பது ஒரு வரி நிரலில் முடியும் வேலை. அதைச் செய்யாமல் வரையப்பட்ட வரைபடங்கள் நிறைய உண்டு.

உருவகக் குழுக்களே இக்குறையை ஏற்றுக்கொண்டு வேலை செய்யத் தொடங்கியுள்ளன. ஈகிளுக்குப் பின் வந்த கோலிப்ரி திட்டத்தில், 2025இல் முதல் முடிவுகள் வெளியாயின, வாயுத் துகள் ஒன்றுக்கு நான்கு கரும்பொருள் துகள்கள் வீதம் வைத்து இரண்டின் நிறையையும் ஏறத்தாழச் சமமாக்கியிருக்கிறார்கள். வாயுவையும் 10 கெல்வின் வரை குளிர விட்டிருக்கிறார்கள். செலவு பல மடங்கு கூடியது. இனி அந்தத் தட்டுகளின் தடிமனை உண்மையான தட்டுகளோடு வைத்து அளக்கும் பணி நடந்துகொண்டிருக்கிறது.